பிறவியா, அடிபட்டதா?

பேருந்து நிலையத்தின் கட்டணக் கழிப்பறை வாசலில் ஒரு மரமேசை. மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அதற்கு மூன்றரைக் கால், மீதி அரைக்காலுக்குச் செங்கல். அதில் உட்கார்ந்து சில்லறை வாங்கிப் போடுகிறவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'செல்லாக்காசு வீடு எது?' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்து அழைத்துப்போய் விடும்.

பட்டம் சூட்டியவர் அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன், சலவை நிறுவனம் ஒன்றில் வேன் ஓட்டுகிறவர். தங்கையைக் கட்டிக்கொண்ட மனிதர் தையல் பழகப் போய்ப் பாதியில் விட்டார். கண்ணாடிக் கடையில் சேர்ந்து ஒரு கண்ணாடியையும் அந்த வேலையையும் ஒரே நாளில் உடைத்தார். கடைசியில் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல மாப்பிள்ளைன்னு நெனச்சேன், செல்லாக்காசா போச்சே" என்றார் மச்சான், நாலு பேர் கேட்க.

செல்லாக்காசு கோபப்படவில்லை. "செல்லாக்காசுக்குத்தான் மச்சான் மதிப்பு ஜாஸ்தி. நல்ல காசு அதுல எழுதியிருக்கிற அளவுக்குத்தான் போகும். தப்பாப் பொறந்த காசு எவ்வளவுக்குப் போகும்னு யாருக்கும் தெரியாது."

இது சமாளிப்பு அல்ல. மனிதர் அதை நிஜமாகவே நம்பினார். நாணயச்சாலையில் எப்போதாவது அச்சு நழுவும். தலைப்பக்கம் ஓரமாக விழும், எழுத்து இரட்டையாகப் பதியும், தகடு பிறை வடிவத்தில் குறைந்து போகும். அப்படிப் பிறந்த காசு கண்காணிப்புக்குத் தப்பி வெளியே வந்து, கைமாறிக் கைமாறி, ஒருநாள் அவசரத்தில் இருக்கும் ஏதோ ஒரு பயணியின் பையிலிருந்து தன் மேசையில் விழும் என்று அவர் காத்திருந்தார். அவசரக்காரன் காசைப் பார்த்தா கொடுப்பான்? அந்த வகையில் ஊரிலேயே சிறந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

கை பட்டுவிடுமோ என்று காசை மேசைமேல் எறிகிறவர்களும் உண்டு. உள்ளே போய்விட்டு வரப்போகிற கையைவிட வெளியே உட்கார்ந்திருக்கிற கை எந்த வகையில் அழுக்கு என்று யாராவது எனக்கு விளக்கினால் தேவலை. எனக்கு ரத்தம் கொதிக்கும். அவருக்கோ வேறு கவலை.

"எறியாதீங்க சார்! விளிம்பு அடிபட்டுடும்" என்பார், பதறிப்போய்.

ஆரம்பத்தில் அவருக்கு எல்லாக் காசும் அதிசயமாகவே தெரிந்தது. நெளிந்த காசு, துளை விழுந்த காசு, ரயில் ஏறியதுபோல் தட்டையான காசு என்று எது வந்தாலும் தன் கைக்காசை மேசையில் போட்டுவிட்டு அதை வீட்டுக்கு எடுத்துப்போவார். மருந்துப் புட்டி ஒன்று நிறைந்தது. அதை இரண்டு தெரு தள்ளிப் பழைய நாணயக் கடை நடத்தும் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொட்டினார். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"இது சுத்தியல். இது துளைபோடுற மெஷின். இது சாலையில லாரி ஏறினது. இது... யாரோ பல்லால கடிச்சிருக்கான். என்ன கோபமோ பாவம்."

"ஒண்ணுகூடவா பிறவி இல்ல?"

"ஒண்ணுகூட. எல்லாம் பொறந்தப்ப நல்லாத்தான் பொறந்திருக்கு. உலகம் அடிச்ச அடி."

அன்றைக்கு அந்த அம்மா சொல்லிக்கொடுத்த பாடம்தான் பிறகு எங்கள் தெருவையே பாடாய்ப் படுத்தியது. "கண்ணைக் கசக்கிக்கிட்டு உத்து உத்துப் பாக்காதீங்க. காசுகிட்ட ஒரே கேள்வி கேளுங்க: முத்திரை முந்தியா, குறை முந்தியா? குறை முந்தினா பிறவி. முத்திரை நல்லா விழுந்து, அதுமேல குறை வந்திருந்தா அடிபட்டது. அவ்வளவுதான்."

மச்சான் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு காசின் ஓரத்தை அரத்தால் பிறைபோல அறுத்து, மண்ணில் தேய்த்துப் பழசாக்கி, வேறு ஆள் மூலமாகக் கழிப்பறை மேசைக்கு அனுப்பினார். செல்லாக்காசு அதைத் திருப்பினார், லென்ஸ் வைத்தார், சிரித்தார். பிறவியிலேயே ஒரு பக்கம் குறைந்த தகடு என்றால், அச்சு அழுத்தும்போது நேர் எதிர்ப்பக்க விளிம்பும் சரியாக எழாமல் மங்கிப் போயிருக்கும். இதில் எதிர்ப்பக்கம் ஜம்மென்று இருந்தது. மாலையில் மச்சான் வீட்டுக்குப் போய் அந்தக் காசை நீட்டினார்.

"மச்சான், உங்க அரத்துக்குப் பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கு. மாத்துங்க."

"எப்படிடா... எப்படி மாப்ள கண்டுபிடிச்சே?"

"அறுத்த எடத்துல கோடு கோடா கையெழுத்துப் போட்டு வச்சிருக்கீங்களே!"

அதிலிருந்து எதைக் கண்டாலும் அதே கேள்விதான். விரிசல் விட்ட கோப்பையைப் பார்த்தால், "பிறவியா, அடிபட்டதா?" வளைந்த குடைக்கம்பிக்கும் அதே. எதிர்வீட்டுக்காரர் எரிந்து விழுந்தால், முகத்துக்கு நேராகவே, "அண்ணே, இந்தக் கோபம் பிறவியா, அடிபட்டதா?" அவர் யோசித்துவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம்" என்றார். "அப்ப அடிபட்டதுதான்" என்று தீர்ப்பு ஆனது.

செல்லாக்காசின் மனைவியைத் தெருவில் 'டிரையர் அக்கா' என்பார்கள். மச்சான் வேன் ஓட்டும் அதே சலவை நிறுவனத்தில், துணி உலர்த்தும் ராட்சத இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஓட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வரும். இரும்பு உருளை சுழலும், வெந்நீர் ஆவி முகத்தில் அடிக்கும், கதவைத் திறந்தால் சூடான துணிமலை மேலே சரியும். ஆள் ஒல்லி. ஆனால் ஈரத்துணி மூட்டையைத் தூக்கினால் மேலாளர்கூட ஒதுங்கி வழிவிடுவார்.

அவருடைய இடது கை மோதிர விரலில் ஒரு மோதிரம். அதுதான் இந்தத் தம்பதிக்குள் நடந்த நெடுங்கால வழக்கு.

கல்யாணத்துக்கு முன் மோதிரம் வாங்க வழியில்லாமல், செல்லாக்காசு ஒரு காசை எடுத்து நிற்கவைத்து, அதன் விளிம்பை ஸ்பூனால் தட்டினார். தட்டத் தட்ட விளிம்பு அகன்று மடங்கும். ஓரத்து எழுத்தும் வருஷமும் உள்பக்கமாகப் போய்விடும். வாரக்கணக்கில் தட்டினார். அக்கம்பக்கத்தார் மரங்கொத்தி வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். பிறகு லேத் பட்டறையில் நடுவைத் துளைத்து வாங்கினார். மோதிரம் தயார். அக்காவுக்கும் பிடித்திருந்தது.

காசுப் பைத்தியம் பிடித்த பிறகுதான் வினை. 'அந்தக் காசு வழக்கத்தைவிடக் கனமாக இருந்ததே! தப்பான தகட்டில் அடித்த காசாக இருந்தால்? கைக்கு வந்த ஒரே பிறவிக் காசை நானே ஸ்பூனால் கொன்றுவிட்டேனோ?' இந்த எண்ணம் மனிதரை அரித்தது.

"கொஞ்சம் கழட்டிக் குடேன். உள்பக்கம் எழுத்தைப் பாத்துட்டு உடனே தந்துடுறேன்."

"எதுக்கு? கழட்டினா அடுத்த நிமிஷம் அந்தக் கடைக்காரம்மா முன்னாடி நிப்பீங்க. என் விரல்ல இருக்கிறவரைக்கும் இது மோதிரம். உங்க கைக்கு வந்தா மறுபடியும் காசு."

அவர் கேட்பதை விட்டார். ஆனால் அக்கா கைகழுவும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்ப்பதை நிறுத்தவில்லை.

ஒருநாள் அக்கா ஒரு காசைக் கொண்டுவந்தார். டிரையருக்குள் துடைக்கும்போது உருளை இடுக்கிலிருந்து விழுந்தது. செல்லாக்காசு பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சுற்றிலும் மதில் எழுப்பியதுபோல் தடித்து உயர்ந்த விளிம்பு. காசே கொஞ்சம் சிறுத்து, நடுவில் முத்திரை பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. அறுத்த தடமில்லை, அடித்த தடமில்லை. வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம்!

"இது பிறவிதான்! சத்தியமா பிறவி! உலகத்துல இப்படி ஒண்ணு இருக்காது!"

பஞ்சில் சுற்றி, சட்டைப்பையில் வைத்து, பையின்மேல் கையை வைத்துக்கொண்டே கடைக்கு நடந்தார். நெஞ்சுவலி என்று நினைத்து வழியில் ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

கடைக்காரம்மா பஞ்சைப் பிரித்தார். ஒரே பார்வைதான்.

"உங்க வீட்டுல யாராவது சலவை வேலை பாக்குறாங்களா?"

இவருக்கு வாய் பிளந்தது. "ஜோசியமும் பாப்பீங்களா?"

"ஜோசியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. டிரையர். துணியோட போன காசு இடுக்குல மாட்டிக்கும். உருளை சுத்தச் சுத்த, நின்ன வாக்குல விளிம்புல அடி வாங்கிட்டே கிடக்கும். மாசக்கணக்கா யாரோ ஒக்காந்து ஸ்பூனால தட்டின மாதிரி."

ஸ்பூன் என்ற சொல் காதில் விழுந்ததும் மனிதர் சுருங்கிப் போனார். ஊரில் வேறு யார் ஏமாந்தாலும் நியாயம் உண்டு. தன் கையாலேயே விளிம்பைத் தட்டி மோதிரம் செய்தவர், டிரையர் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டவர், டிரையரில் கிடைத்த, பாதி மோதிரமான காசைப் பார்த்துப் பிறவி அதிசயம் என்று சத்தியம் செய்திருக்கிறார்! மச்சான் ஒரு வாரம் வேனை இவர் வாசலில் நிறுத்தி, "மாப்ள, ஏதாவது வெளுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

சிரிப்பு அதோடு நின்றது.

அந்த டிரையரின் கனமான வட்டக் கதவுக்குக் கொக்கி தளர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். 'பார்க்கலாம்' என்பதே மேலாளரின் பதில். பார்த்தார்கள், கதவு தானாக வந்து அக்காவின் இடதுகையை நசுக்கியபோது. மோதிர விரலின் நடுக்கணு உடைந்தது. விடுப்பு கிடையாது என்றார்கள். துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடியது. கணு கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்தது, விரல் கொக்கிபோல் வளைந்தது. தளர்ந்த கொக்கியைச் சரிசெய்யாத நிறுவனத்துக்கு அக்காவின் விரலே கொக்கியாகிக் கொடுத்தது.

வைத்தியம் செய்யச் சொல்லி அக்கா கேட்டார். பதிலுக்கு வந்தது வேலைநீக்க அறிவிப்பு. பிறவிக்குறையை மறைத்து வேலைக்குச் சேர்ந்தாராம்! நிறுவனத்தின் மருத்துவர் அப்படித்தான் சான்று கொடுத்திருந்தார். விரலைப் பார்க்காமலே கொடுத்திருந்தார். கதவு நசுக்கியதைப் பார்த்த நான்கு பேரும் அன்று தங்களுக்குக் கண்ணில் தூசி என்றார்கள். அவர்களை நான் திட்டமாட்டேன். அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் இந்தப் 'பிறவி' என்ற சொல் இருக்கிறதே, அதைப்போல் வசதியான சொல் மொழியில் வேறில்லை. அடித்தவன் தப்பிக்க வேண்டுமா? அடிபட்டவன் பிறந்ததே அப்படி என்று சொல்லிவிட்டால் போதும். ஏழை பிறவியிலேயே ஏழை, மக்கு பிறவியிலேயே மக்கு. தலைமுறை தலைமுறையாகச் செலாவணியில் இருக்கும் கள்ளக்காசு இது.

அக்காவின் சம்பளத்தில்தான் வீடு நின்றது. கழிப்பறை மேசையின் கூலி பாலுக்கும் பஸ்ஸுக்கும் சரி. அக்கா தொழிலாளர் நல அலுவலகத்தில் முறையிட்டார். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். இளம் பெண், அதிகம் பேசாதவர். மேலாளரின் அறையில் அக்கா, துணைக்குக் கணவர், அண்ணன்.

"மேடம், இது பிறவிக்குறை. எங்க டாக்டரே சொல்லிட்டாரு. சேரும்போது மறைச்சிட்டாங்க" என்றார் மேலாளர்.

"இத்தனை வருஷமா இந்தக் கையாலதான் விரிப்பு மடிச்சேன். அப்பல்லாம் உங்களுக்குக் கண்ணு தெரியலையா சார்?" என்றார் அக்கா.

செல்லாக்காசு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். சட்டைப்பையிலிருந்து இரண்டு காசும் லென்ஸும் மேசைக்கு வந்தன.

"மேடம், நம்ம வழக்கே இதுதான். இது கடைக்காரம்மா இரவலா குடுத்தது, பிறவி. இது அடிபட்டது. வித்தியாசம் தெரியுதா?"

அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். "தெரியலைங்க."

"தெரியாது. தெரியணும்னா முதல்ல தகடு எப்படி வெட்டுறாங்கன்னு தெரியணும்." ஆரம்பித்தார். தகடு வெட்டினார், விளிம்பு எழுப்பினார், அச்சில் வைத்தார். மேலாளர் கொட்டாவி விட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முத்திரை அடிப்பதற்குள் அக்கா மேசைக்கு அடியில் ஓர் உதை விட்டார்.

"கொஞ்சம் வாய மூடுறீங்களா? இங்க என் வேலை போகப்போகுது, நீங்க இன்னும் காசு அடிச்சிட்டிருக்கீங்க!"

மேலாளருக்கு உற்சாகம் பிறந்தது. வழக்கு தன் பக்கம் சாய்ந்துவிட்டது, இன்னும் ஒரு தட்டு தட்டினால் முடிந்தது என்று நினைத்தார். "மேடம், விரல் அடியிலேர்ந்தே கோணல். மோதிரம் மறைக்குது. ஏம்மா, மோதிரத்தைக் கழட்டிக் காட்டு."

"கழலாது சார்."

"அதெல்லாம் கழலும். கழட்டு."

அக்கா இழுத்தார். மோதிரம் புடைத்த கணுவில் முட்டி நின்றது. "சோப்புப் போடு" என்றார் மேலாளர். சலவை நிறுவனத்தில் சோப்புக்கா பஞ்சம்? வாளியே வந்தது. அக்காவின் கையில் ஊற்றினார்கள். மோதிரம் அசையவில்லை. மேலாளர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுத் தானே களத்தில் இறங்கினார். அவர் மோதிரத்தைப் பிடித்து இழுக்க, அண்ணன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொள்ள, நுரை மேசையிலும் நாற்காலியிலும் மேலாளரின் கழுத்துப்பட்டியிலும் பொங்கியது.

இதில் மேலாளரைவிட ஆர்வமாக இருந்தவர் ஒருவர் உண்டு. காலமெல்லாம் காத்திருந்த மோதிரம் இதோ கழலப்போகிறது! லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு செல்லாக்காசு பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மெதுவா சார், மெதுவா! உள்பக்கம் எழுத்து இருக்கு! திருகாதீங்க, நேரா இழுங்க!"

"நீங்க யாரு பக்கம்?" என்று அக்கா சீறினார்.

மேலாளரின் கை வழுக்கியது. பின்னால் சாய்ந்து, நுரையோடு நாற்காலியில் போய் விழுந்தார். மூச்சு வாங்கியது. அவமானம் கோபமாயிற்று. கத்தினார்:

"இவ்வளவு பெரிய கணு! இதைத் தாண்டி இந்த மோதிரம் எப்படிம்மா உள்ள போச்சு?"

நுரை மட்டும் மெல்ல வெடித்துக்கொண்டிருந்தது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி சார். எப்படிப் போச்சு?"

மேலாளர் வாயைத் திறந்தார், மூடினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டுப்போன நுணலின் முகம் எப்படி இருக்கும் என்று, மச்சான் பிறகு நடித்துக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"பிறக்கும்போதே மோதிரத்தோட பொறந்துட்டா சார் என் தங்கச்சி" என்றார் மச்சான், முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல். "பிரசவம் பாத்த நர்ஸம்மாவே வாழ்த்திட்டுப் போனாங்க."

"இல்ல... வந்து... மூட்டுவாதம். மூட்டுவாதத்துல பின்னாடி வீங்கியிருக்கலாம்" என்றார் மேலாளர்.

"அப்போ பிறவி இல்ல" என்றார் அதிகாரி. "பின்னாடி வந்ததுன்னு நீங்களே சொல்றீங்க. உங்க டாக்டர் பிறவின்னு சொல்றாரு. ரெண்டு பேர்ல யாரு பொய்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் அந்தக் கதவைப் பாத்துட்டு வரேன்."

செல்லாக்காசு அப்போதும் லென்ஸோடு குனிந்தபடி நின்றார். மெல்ல நிமிர்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "முத்திரை முந்தி! குறை பிந்தி! அட, மோதிரம்தானே முத்திரை!" ஊரார் காசையெல்லாம் புரட்டிப் பார்த்தவருக்கு, தினமும் தனக்குச் சோறு போட்ட கை கண்ணில் படவில்லை. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

வேலைநீக்கம் ரத்தானது. வைத்தியச் செலவு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. கதவுக்குப் புதுக் கொக்கி வந்தது. கண்ணில் தூசி விழுந்திருந்த நால்வரும் வந்து, "நாங்க பாத்தோம்ல அக்கா, பளிச்சுன்னு பாத்தோம்" என்றார்கள். கப்பல் கரைசேர்ந்த பிறகு கைகொடுக்க வருகிறவர்களுக்கு எந்த ஊரிலும் குறைவில்லை. அக்கா அவர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் கொடுத்திருக்க மாட்டேன்.

விரலைச் சரிசெய்ய மோதிரத்தை அறுத்தாக வேண்டும் என்றார் மருத்துவமனை மருத்துவர். இவர் விரலைப் பார்த்தே சொன்னார். சின்னச் சக்கரம் சுழன்றது. மோதிரம் வாய் பிளந்து செல்லாக்காசின் உள்ளங்கையில் விழுந்தது. லென்ஸை வைத்தார்.

உள்பக்கம் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. எழுத்தும் இல்லை, வருஷமும் இல்லை.

"எங்க போச்சு எழுத்தெல்லாம்?"

"பிறவியா, அடிபட்டதா?" என்று கேட்டார் அக்கா.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் இல்லையே."

"உங்களோட குடித்தனம் பண்ணினது. தேயாம என்ன செய்யும்?"

மச்சான் எட்டிப் பார்த்தார். "அப்ப மாப்ள, இதுவும் செல்லாக்காசுதானா?"

விரல் முக்கால்வாசி நிமிர்ந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் அக்கா ஸ்பூனையும் ஒரு காசையும் எடுத்துவந்து கணவர் முன்னால் வைத்தார். அன்று மாலையிலிருந்து தெருவில் மறுபடியும் மரங்கொத்திச் சத்தம். ஆனால் முதல் தட்டுத் தட்டுவதற்கு முன் அந்தக் காசை மச்சானுக்கு ஒருமுறை, எதிர்வீட்டுக்காரருக்கு ஒருமுறை, எனக்கு ஒருமுறை காட்டி, வருஷத்தை உரக்கப் படிக்கச் சொன்னார் செல்லாக்காசு.